பள்ளியைப் பெருக்கியவரின் கப்ர் எங்கே?

 

மூன்றாண்டுகளுக்கு முன்னர் எங்கள் வட்டாரத்திலுள்ள ஓர் ஊரில் பள்ளிவாசல் நூற்றாண்டு விழா நடைபெற்றது. பொதுத்தொண்டின் சிறப்பைப் பற்றி உரையாற்றுமாறு ஜமாஅத்தார் என்னை அழைத்திருந்தனர். தெருமுனையிலிருந்து பள்ளியின் வாயில் வரை பதாகைகள் கட்டப்பட்டிருந்தன. முன்னாள், இந்நாள் முத்தவல்லிகள், கட்டட நிதிக்குப் பெருந்தொகை வழங்கிய வெளிநாட்டுவாழ் சகோதரர்கள், அரசியல் பிரமுகர்கள் என இருபதுக்கும் மேற்பட்டோர் மேடையில் அமர்ந்திருந்தனர். ஒவ்வொருவருக்கும் பொன்னாடையும் நினைவுப் பரிசும் வழங்கி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

என் முறை வந்தபோது, மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கித் துப்புரவு செய்து வந்த ஓர் எளியவரைப் பற்றிய நபிமொழியை விரித்துரைத்தேன். கூட்டத்தினர் சுப்ஹானல்லாஹ் என்றனர். எனக்கும் மனநிறைவாகவே இருந்தது. புறப்படும் வேளையில் மழை பிடித்துக்கொண்டது. அப்பள்ளியின் மோதினார் விரைந்து வந்து, "ஹஜ்ரத், உங்க செருப்பு நனையாம உள்ளே எடுத்து வச்சிருக்கேன், இருங்க, கொண்டு வர்றேன்" என்றார்.

முப்பத்தோராண்டுகளாக அப்பள்ளியில் பாங்கு சொல்லி, ஹவ்ளைக் கழுவி, பாய்களைத் தட்டி விரித்து, ஊரில் எவர் இறந்தாலும் நள்ளிரவென்றும் பாராமல் சென்று மய்யித்தைக் குளிப்பாட்டிக் கபனிட்டு வந்தவர் அவர். மேடையில் அவருடைய பெயர் ஒருமுறையேனும் சொல்லப்படவில்லை. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர் பள்ளியைப் பெருக்கியவரைப் பற்றி நாற்பது நிமிடம் பேசிய நானும் சொல்லவில்லை. அவர் கொண்டுவந்து வைத்த செருப்பை அணிந்துகொண்டு, "ஜஸாக்கல்லாஹு கைரா" என்று கூறிவிட்டு வண்டியேறிவிட்டேன்.

எட்டு மாதங்களுக்குப் பின் அவர் வஃபாத்தான செய்தி வந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸாவில் கலந்துகொண்டேன். அடக்கம் முடிந்து திரும்பியபோது பள்ளியின் முற்றத்தில் பொறுப்பாளர்கள் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. புதிய மோதினார் வெளியூரிலிருந்து குடும்பத்துடன் வரவிருக்கிறார். பள்ளியை ஒட்டிய அறை அவருக்குத் தேவைப்படும். எனவே இறந்தவரின் மனைவி இத்தா முடிந்ததும் அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டால் நல்லது என்பது அவர்களுடைய பேச்சு. சொன்னவரிடம் தீய எண்ணம் ஏதுமில்லை. அறை பள்ளிக்குரியது, மோதினாருக்காகக் கட்டப்பட்டது. அவர் கூறியதில் சட்டப் பிழையும் இல்லை. ஆயினும் முப்பத்தோராண்டுத் தொண்டுக்கு ஒரு சமுதாயம் அளிக்கும் இறுதி மரியாதை நான்கு மாதமும் பத்து நாளும் கொண்ட தவணைதானா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விட்டு அகலவில்லை. அக்கேள்வியே இக்கட்டுரை.

நபியவர்கள் தேடிய ஒருவர்

நான் அன்று மேடையில் கூறிய நபிமொழியை இப்போது மீண்டும் நினைவுகூர்கிறேன். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் அச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. பள்ளிவாசலைப் பெருக்கி வந்த ஒருவர் இறந்துவிடுகிறார். அவர் கறுப்பினப் பெண்மணியா, இளைஞரா என்பதில் அறிவிப்பாளருக்கே ஐயம் உண்டு. சில நாட்களாக அவரைக் காணாத அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவரைப் பற்றி விசாரிக்கின்றார்கள். அவர் இறந்துவிட்டதாகத் தோழர்கள் கூறுகின்றனர். எனக்கு ஏன் நீங்கள் தெரிவிக்கவில்லை என்று நபியவர்கள் கேட்கின்றார்கள். தோழர்கள் அதனைச் சிறிய செய்தியாகக் கருதிவிட்டனர் என்னும் குறிப்பும் அவ்வறிவிப்பிலேயே உள்ளது. பின்னர் அவருடைய கப்ரைக் காட்டுமாறு கேட்டு, அங்கே சென்று தொழுகை நடத்துகின்றார்கள்.

இந்நிகழ்வை நாம் பெரும்பாலும் பள்ளியைத் துப்புரவு செய்வதன் நன்மைக்குச் சான்றாகவே எடுத்துரைக்கிறோம். அதில் தலைமைக்கும் சமுதாயத்துக்கும் உரிய பாடம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. ஒரு நாட்டின் தலைவராகவும் ஒரு படையின் தளபதியாகவும் விளங்கிய நபியவர்களின் கண்ணுக்குத் துடைப்பம் ஏந்திய ஒருவர் வராமற்போனது தெரிந்திருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு அவ்வாறு தெரியும்? பாங்கின் குரல் மாறியிருப்பதை நாம் உணர்வதுண்டு. குரலுக்குரியவர் எங்கே போனார் என்று கேட்பதில்லை.

மேலும், நபியவர்கள் அவருக்குச் செய்தது யாது? அவரைப் புகழ்ந்து நெடிய உரை நிகழ்த்தியதாக அவ்வறிவிப்பில் இல்லை. இறந்துபோன ஒருவருக்கு அவ்வேளையில் எது தேவையோ அதனை, அதாவது தொழுகையையும் துஆவையும், தாமே நேரில் சென்று வழங்கினார்கள். தொண்டு செய்தவருக்கு நாம் கொடுக்க விரும்புவதைக் கொடுப்பது எளிது. அவருக்குத் தேவையானதைக் கொடுப்பதே மரியாதை என்று இதிலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன்.

பணியைத் தொடர்வதே புகழ்மாலை

நம் தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றிலேயே இதற்கு அழகிய எடுத்துக்காட்டு உண்டு. செத்தும் கொடுத்தவர் என்று சமய வேறுபாடின்றித் தமிழுலகம் போற்றும் வள்ளல் சீதக்காதி, கீழக்கரையில் வாழ்ந்த செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் ஆவார். சேதுபதி மன்னரின் நட்புக்குரியவராக விளங்கிய அவருடைய ஆதரவில்தான் உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடும் பணியைத் தொடங்கினார் என்பது வரலாறு. ஆனால் காப்பியம் நிறைவுறுமுன் வள்ளல் மறைந்துவிட்டார். அப்பணி அத்துடன் நின்றுபோயிருக்கலாம். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் முன்வந்து அதனைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். நூலில் அவரே புகழ்ந்து பாடப்பெற்றுள்ளார்.

சீதக்காதியைப் புகழ்ந்து நொண்டி நாடகமும் திருமண வாழ்த்தும் பாடப்பட்டன. அவை சிறப்புடையனவே. எனினும் மறைந்த வள்ளலுக்கு அபுல் காசிம் மரைக்காயர் செய்த மரியாதையே என் உள்ளத்தை அதிகம் தொடுகிறது. முன்னவர் விட்ட இடத்திலிருந்து அவர் பணியை எடுத்துச் சென்றார். ஒருவர் நட்ட மரத்தின் முன்னால் நின்று அவரைப் பாராட்டிப் பேசுவதைவிட, அம்மரத்துக்கு ஒரு குடம் நீர் ஊற்றுவது அவருக்குச் செய்யும் பெரிய சிறப்பல்லவா?

இலங்கை முஸ்லிம்களின் கல்வி வரலாறும் இதனையே காட்டுகிறது. கண்டியில் பிறந்து வழக்கறிஞராக விளங்கிய அறிஞர் சித்திலெப்பை, தம் சமுதாயம் கல்வியில் பின்தங்கியிருப்பதைக் கண்டு வருந்தி 1882-இல் முஸ்லிம் நேசன் என்னும் இதழைத் தொடங்கினார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இலங்கையில் வாழ்ந்து வந்த உராபி பாஷாவின் ஊக்கமும், கொழும்புச் செல்வர் வாப்பிச்சி மரைக்காயரின் துணையும் சேர்ந்து 1892-இல் மருதானையில் ஒரு மதரஸா உருவாயிற்று. அதுவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. சித்திலெப்பை 1898-இல் மறைந்தார். அவர் கண்ட கனவை அடுத்தடுத்த தலைமுறையினர் சுமந்தனர்.

அவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவரே. ஏழை மாணவர்களுக்காக 1945-இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவிய அவர், 1948-இல் அவ்வுயர் பதவியை விட்டு விலகி ஸாஹிராவின் அதிபர் பொறுப்பை ஏற்றார். 1961 வரை அப்பணியில் இருந்தார். பதவியைத் துறந்து பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த அச்செயலை விடச் சித்திலெப்பைக்குச் சிறந்த நினைவுச் சின்னம் எதனை எழுப்பிவிட முடியும்?

வாப்பிச்சி மரைக்காயரைப் பற்றி வழங்கிவரும் ஒரு செய்தியும் இங்கு நினைக்கத்தக்கது. 1877-இல் திறக்கப்பட்ட கொழும்பு அருங்காட்சியகக் கட்டடத்தைக் கட்டியவர் அவர். அப்பணியைச் சிறப்புற முடித்தமைக்கு என்ன வெகுமதி வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் அதனை மூடி வைக்க வேண்டும் என்பதையே அவர் கேட்டுப் பெற்றார் என்று கூறப்படுகிறது. தமக்கென ஒன்றும் கேளாமல், தம் இறைவனின் நாளுக்கு மதிப்புத் தேடிய அம்மனப்பாங்கைப் போற்றுவதற்கே அச்செய்தி தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருகிறது எனலாம்.

நிலைத்திருக்கும் நற்செயல்கள்

வேலூரில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிறுவிய அரபிக் கல்லூரிக்குப் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் என்று பெயர். நிலைத்திருக்கும் நற்செயல்கள் என்பது அதன் பொருள். திருக்குர்ஆனின் சொல்லாட்சியிலிருந்து பெறப்பட்டது. அங்கே கற்றுத் தேர்ந்தோர் தம் பெயரின் பின்னால் பாகவி என்று சேர்த்துக்கொள்கின்றனர். தமிழகத்தின் சிற்றூர் மிம்பரில் ஓர் இளம் ஆலிம் ஏறி நிற்கும்போது, நூறாண்டுக்கு முன் மறைந்த அப்பெருந்தகையின் உழைப்பும் அவருடன் ஏறி நிற்கிறது.

1919-இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, 1951-இல் திருச்சிராப்பள்ளியில் ஹாஜி எம். ஜமால் முகமது சாகிப், ஜனாப் என்.எம். காஜாமியான் ராவுத்தர் ஆகியோரின் பெயரால் அறியப்படும் ஜமால் முகமது கல்லூரி, அதே ஆண்டில் சென்னையில் உருவான புதுக்கல்லூரி ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். தோல் பதனிட்டும் வணிகம் செய்தும் ஈட்டிய பொருளை நம் முன்னோர் கல்விக்கு வாரி வழங்கினர். இந்நிறுவனங்களில் முஸ்லிமல்லாத மாணவர்களும் பெருந்தொகையினராகப் பயின்று வெளியேறியிருக்கின்றனர்.

இத்தகைய நிறுவனங்களை நாம் எவ்வாறு போற்றுகிறோம்? நிறுவனர் நாளன்று படத்திறப்பு நிகழ்த்துகிறோம். ஆனால் அடிக்கல் நாட்டியவர் எந்த ஏழைப் பிள்ளையை மனத்தில் வைத்து நாட்டினாரோ அப்பிள்ளைக்கு இன்று அவ்வாயில் திறந்திருக்கிறதா என்று கேட்பதே நிறுவனருக்குச் செய்யும் மெய்யான நன்றி. ஊர்தோறும் உள்ள நம் மக்தபுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பைத்துல்மால்களுக்கும் இக்கேள்வி பொருந்தும்.

கராச்சியின் மீட்டாதர் தெரு

அண்மைக் காலத்திலிருந்தும் ஒருவரைக் குறிப்பிட வேண்டும். குஜராத்தின் பாந்த்வாவில் 1928-இல் பிறந்து, பிரிவினையின்போது கராச்சிக்குக் குடிபெயர்ந்தவர் அப்துல் சத்தார் ஈதி. 1951-இல் மீட்டாதர் பகுதியில் சிறியதொரு மருந்தகத்தைத் தொடங்கினார். பழைய வண்டி ஒன்றை வாங்கி அவசர ஊர்தியாக்கித் தாமே ஓட்டினார். உரிமை கோர ஆளில்லாத உடல்களை எடுத்துவந்து குளிப்பாட்டி அடக்கம் செய்தார். பச்சிளம் சிசுக்கள் குப்பையில் எறியப்படுவதைக் கண்டு, தம் நிலையங்களின் வாயிலில் தொட்டில்களை வைத்தார். கொல்லாதீர்கள், இதில் விட்டுச் செல்லுங்கள் என்பதே அத்தொட்டில் சொன்ன செய்தி. அக்குழந்தைகளைத் தாயாக இருந்து வளர்த்தவர் செவிலியராகப் பணியாற்றிய அவருடைய மனைவி பில்கீஸ் அம்மையார். வழிதவறி எல்லை கடந்துவிட்ட, பேச்சும் செவிப்புலனுமற்ற இந்தியச் சிறுமி கீதாவைப் பல்லாண்டுகள் பேணி 2015-இல் தாயகம் அனுப்பிவைத்தவர்களும் அவர்களே. அதற்காக இந்தியப் பிரதமர் அறிவித்த ஒரு கோடி ரூபாய் நன்கொடையை நன்றியுடன் ஏற்க மறுத்துவிட்டனர்.

2016-இல் ஈதி மறைந்தபோது அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டில் அவருடைய உருவம் பொறித்த ஐம்பது ரூபாய் நாணயத்தைப் பாகிஸ்தான் வெளியிட்டது. ஒரு நாடு தன் தொண்டனுக்கு அவ்வாறு சிறப்புச் செய்வது நன்றே. ஆயினும் ஈதியை அன்றாடம் போற்றிக்கொண்டிருப்பவர் எவர் எனக் கேட்டால், நள்ளிரவில் தொலைபேசி ஒலித்ததும் அவ்வூர்தியின் சாவியை எடுக்கும் ஓட்டுநரையே நான் சுட்டுவேன். தாம் மறைந்த பின்னும் ஊர்தி ஓடும்படி ஒழுங்கு செய்துவிட்டுப் போனதே அம்மனிதரின் பெருமை.

நம் மண்ணிலும் அத்தகையோர் உண்டு. 2015-ஆம் ஆண்டுச் சென்னைப் பெருவெள்ளத்தில் இடுப்பளவு நீரில் உணவுப் பொட்டலம் சுமந்த இளைஞர்களையும், பள்ளிவாசல் கதவுகளை அனைவருக்கும் திறந்துவிட்ட ஜமாஅத்துகளையும் நாம் கண்டோம். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றுக்கு அஞ்சி உற்றாரே விலகி நின்றபோது, எல்லாச் சமயத்தாரின் உடல்களையும் அவரவர் முறைப்படி நல்லடக்கமும் தகனமும் செய்ய உதவியோர் பலர். அவர்களுடைய பெயர்கள் எங்கேனும் எழுதி வைக்கப்பட்டுள்ளனவா? நம் ஊர் ஜமாஅத்தின் பதிவேட்டில் ஒரு பக்கமாவது அவர்களுக்கு ஒதுக்கப்பட்டதா?

அல்லாஹ்வுக்காகச் செய்தவருக்குக் கூலி எதற்கு?

இவ்விடத்தில் சிலர் மறுமொழி கூறுவர். தொண்டு செய்தவர் அல்லாஹ்வுக்காகச் செய்தார். அவன் கூலி கொடுப்பான். மனிதர் பாராட்டினால் ரியா எனும் முகத்துதி மனப்பான்மை புகுந்து அமலையே பாழாக்கிவிடும் என்பர். முகத்துக்கு நேரே மிகையாகப் புகழ்வோரை நபியவர்கள் கண்டித்திருப்பதையும் சான்று காட்டுவர்.

இக்கருத்தில் உண்மை உண்டு. அதனால்தான் பொன்னாடைக் கலாச்சாரத்தைக் கண்டு நானும் அஞ்சுகிறேன். ஆனால் இவ்வுண்மையை நாம் யாருக்குச் சொல்கிறோம் என்பதைச் சற்றுக் கவனியுங்கள். பெருந்தொகை கொடுத்தவருக்கு மாலை அணிவிக்கும்போது நமக்கு ரியாவைப் பற்றிய அச்சம் வருவதில்லை. மோதினாரின் மாதச் சம்பளத்தை உயர்த்தும் பேச்சு எழும்போதுதான் இக்லாஸ் நினைவுக்கு வருகிறது! இக்லாஸ் என்பது அவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும் இடையிலான கணக்கு. அவருக்கு நாம் தரவேண்டியது நம் கணக்கு. அவருடைய இக்லாஸைக் காட்டி நம் கடனைத் தள்ளுபடி செய்துகொள்ள எவருக்கும் அனுமதியில்லை. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவனாக மாட்டான் என்று போதித்த மார்க்கமும் இதுவே.

அபூபக்ர் (ரலி) அவர்கள் கலீஃபாவாகப் பொறுப்பேற்ற பின்னரும் குடும்பத்துக்காகத் துணி வணிகம் செய்யக் கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்கள். தோழர்கள் அவர்களைத் தடுத்து, மக்கள் பணிக்கு இடையூறு நேராதிருக்கப் பொதுநிதியிலிருந்து வாழ்க்கைச் செலவுக்கு ஒரு தொகையை நிர்ணயித்தனர். அபூபக்ர் (ரலி) அவர்களைவிட இக்லாஸ் மிக்கவர் யார்? அவர்களுக்கே படித்தொகை தேவைப்பட்டதென்றால், நான்கு பிள்ளைகளைப் பெற்ற மோதினாருக்கும் மக்தப் உஸ்தாதுக்கும் தேவைப்படாதா?

உமர் (ரலி) அவர்களின் வக்ஃபும் நமக்குப் பாடமாகும். கைபரில் தமக்குக் கிடைத்த விலைமதிப்புள்ள நிலத்தைப் பற்றி நபியவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்திவைத்து விளைச்சலை அறத்துக்கு வழங்குமாறு நபியவர்கள் வழிகாட்டினார்கள். அந்நிலத்தை விற்கவோ, அன்பளிப்பாக வழங்கவோ, வாரிசுகள் பங்கிடவோ கூடாது என விதிக்கப்பட்டது. அதனை நிர்வகிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்பதில் குற்றமில்லை என்பதும் அந்நிபந்தனைகளுள் ஒன்று. இஸ்லாமிய வரலாற்றின் புகழ்பெற்ற அவ்வக்ஃபு ஏற்பாட்டிலேயே ஏழையுடனும் வழிப்போக்கருடனும் பணியாளரும் நினைக்கப்பட்டுள்ளார். தமக்குப் பின் அதன் மேற்பார்வையைத் தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள் என்பதையும், பெண்களைப் பொதுநிறுவனப் பொறுப்புகளிலிருந்து முற்றாக விலக்கி வைத்திருக்கும் நாம் சிந்திக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் இரு தலைமுறைகளுக்கு ஓதிக் கொடுத்த எத்தனையோ மூதாட்டியரின் பெயரை நம் ஊர்களின் எந்தக் கல்வெட்டிலும் நான் கண்டதில்லை.

நாம் செய்யக்கூடியவை

குறை கூறி நிறுத்துவது ஆசிரியனுக்கு அழகன்று. ஒவ்வொரு ஜமாஅத்தும் பெரும் பொருட்செலவின்றிச் செய்யத்தக்க சிலவற்றை முன்வைக்கிறேன்.

முதலாவதாக, இமாம், மோதினார், மக்தப் ஆசிரியர், மய்யித்துக் குளிப்பாட்டுவோர், கப்ர் வெட்டுவோர் ஆகிய அனைவருக்கும் எழுத்துவடிவில் பணி ஆணையும் பணிப் பதிவேடும் வேண்டும். தமிழக அரசு, உலமாக்களுக்கும் பள்ளிவாசல் பணியாளர்களுக்கும் ஓய்வூதியத் திட்டம் ஒன்றையும் நலவாரியம் ஒன்றையும் நடத்தி வருகிறது. நீண்டகாலம் பணியாற்றியோர் அவற்றின் பயனைப் பெறுவதற்குப் பணிபுரிந்த காலத்துக்குச் சான்று தேவை. முப்பதாண்டு உழைத்தவருக்கு ஒரு தாளில் கையொப்பமும் முத்திரையும் இட்டுக் கொடுக்க நம்மிடம் பதிவேடு இல்லையென்றால், அது யாருடைய குற்றம்? அவர்களை நலவாரியத்தில் உறுப்பினராக்குவதை முத்தவல்லியின் கடமைகளுள் ஒன்றாகக் கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, பைத்துல்மாலில் பணியாளர் நலனுக்கெனத் தனிக் கணக்கு தொடங்க வேண்டும். ஜும்ஆ வசூலில் மாதத்துக்கு ஒருநாள் தொகையை அதற்கென ஒதுக்கினாலும் பத்தாண்டுகளில் ஒரு குடும்பத்தைத் தாங்கும் நிதி திரளும்.

மூன்றாவதாக, கணக்கு. வக்ஃப் சொத்தின் வரவு செலவை ஆண்டுதோறும் வாரியத்துக்கு அளிக்க வேண்டுமென்பது சட்டம். அதனை ஊர் மக்கள் காணும்படி பள்ளியின் பலகையில் ஒட்டுவது அமானத். வக்ஃப் செய்தவரை மதிப்பதென்பது அவருடைய நிபந்தனையை மதிப்பதே. அவர் ஏழை மாணவருக்கென எழுதி வைத்த கடையின் வாடகை இன்று சந்தை நிலவரத்துக்கு ஏற்றவாறு வருகிறதா, ஏழை மாணவரையே சென்றடைகிறதா என்று பார்க்காமல் அவர் பெயரால் யாஸீன் ஓதிப் பயனென்ன?

நான்காவதாக, ஊர் வரலாற்றை எழுதி வையுங்கள். முதியவர்கள் உயிருடன் இருக்கும்போதே அவர்களிடம் சென்று கேளுங்கள். முதல் கிணற்றை வெட்டியவர் யார், முதன்முதலில் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றவர் யார், காலரா காலத்தில் பிணங்களைச் சுமந்தவர் யார் என்பன எழுதப்பட வேண்டும். கொடையாளர் பெயர் பளிங்கில் இருக்கட்டும். உழைத்தவர் பெயர் தாளிலாவது இருக்கட்டும். எங்கள் மதரஸாவின் மேல்வகுப்பு மாணவர்களுக்கு இதனைக் கடந்த ஆண்டு ஒரு பயிற்சியாக அளித்தேன். தம் பாட்டனார் இருபதாண்டுகள் ஊர்க் கப்ருகளை வெட்டியவர் என்பதை அப்போதுதான் முதன்முதலாக அறிந்த மாணவன் ஒருவன், அதனை வகுப்பில் படிக்கும்போது நிமிர்ந்து நின்று படித்தான்.

இறுதியாக, வாழும்போதே நன்றி சொல்லுங்கள். அதற்கு மேடை வேண்டாம். நோயுற்றால் வீட்டுக்குச் சென்று பாருங்கள். தமக்குப் பணிவிடை செய்து வந்த யூதச் சிறுவர் நோயுற்றபோது நபியவர்கள் அவரைத் தேடிச் சென்று தலைமாட்டில் அமர்ந்தார்கள். பெருநாளன்று இமாமுக்குக் கைகொடுக்க வரிசையில் நிற்கும் நாம், இரண்டடி தள்ளிப் பாய் சுருட்டிக்கொண்டிருப்பவருக்கும் கைகொடுக்கலாம்.

அந்த வேப்பமரத்தடியில்

ஜனாஸா முடிந்த மறுவாரம் அவ்வூர் ஜமாஅத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். விழா மேடையில் நான் செய்த தவற்றை முதலில் ஒப்புக்கொண்டேன். பின்னர் அப்பெண்மணியின் இருப்பிடத்தைப் பற்றிக் கேட்டேன். கூட்டம் போட்டுப் பேசினார்களாம். அறை பள்ளிக்குரியது, அதனை விட்டுக்கொடுக்க இயலாது என்று சிலரும், அவரை வெளியேற்றினால் நாம் தொழும் தொழுகைக்கு என்ன பொருள் என்று சிலரும் வாதிட்டிருக்கின்றனர். இறுதியில் இத்தாவுக்குப் பின் அவருக்கு அதே தெருவில் ஒரு சிறு வீட்டை வாடகைக்குப் பிடித்து, வாடகையைப் பைத்துல்மால் ஏற்பதென முடிவாயிற்று. அல்ஹம்துலில்லாஹ். புதிய மோதினாருக்குப் பணி ஆணை கொடுக்கும் வேண்டுகோள் மட்டும் அடுத்த கூட்டத்துக்கு, அடுத்த கூட்டத்துக்கு என்று தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. கேட்டுக்கொண்டே இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.

சென்ற ஷஅபான் மாதத்தில் அவ்வழியே சென்றபோது கப்ருஸ்தானுக்குள் நுழைந்தேன். இரண்டு மழைக்காலம் கடந்திருந்ததால் மண்மேடு தரையோடு தரையாகியிருந்தது. எவ்விடமென எனக்குத் தெரியவில்லை. அங்கே புல் அறுத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவருடைய மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். "அந்த வேப்பமரத்துக்குக் கிழக்கால மூணாவது, ஹஜ்ரத்" என்றார். அங்கே நின்று ஸலாம் கூறி, துஆ செய்தேன். அன்று மழையில் என் செருப்பை நனையாமல் காத்தவருக்கு, மேடையில் ஒரு சொல் கூறாத நான், ஆளில்லாத கப்ருஸ்தானில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். இன்று இஷாவுக்குப் பள்ளிக்குச் செல்லும்போது அவர் வந்திருக்கிறாரா என்று பாருங்கள்.

யா அல்லாஹ்! உன் இல்லங்களையும் உன் அடியார்களையும் பேணி மறைந்த எல்லோரின் பிழைகளையும் பொறுத்தருள்வாயாக. அவர்கள் விட்டுச்சென்ற பணிகளைச் சுமக்கும் வலிமையை எங்களுக்குத் தருவாயாக. உன் அடியார்களுக்கு நன்றி செலுத்துவோராக எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.